பல டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ் படுத்துவிட்டதா? முதலில் தரவை வெளியே எடுங்கள்

என் நண்பர் ஒருவர் கல்யாண ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். 4 டிபி டிஸ்க் நான்கைச் சேர்த்து ஒரே பிடிஆர்எஃப்எஸ் (லினக்ஸில் ஃபைல்களைச் சேமிக்கும் ஒரு கோப்பு முறைமை) ஆக்கி, ஆறு வருடப் படங்களை அதில்தான் வைத்திருந்தார். ஓர் இரவு கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. காலையில் மவுண்ட் ஆகவில்லை, அதாவது கணினியால் அதைத் திறக்க முடியவில்லை. பதற்றத்தில், எங்கோ பார்த்த ரிப்பேர் கட்டளையை ஓட்டிவிட்டார். பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினார். அதற்கு அப்புறம்தான் எனக்கு போன் வந்தது. கரண்ட் போனதால் கெட்டது கொஞ்சம். ரிப்பேர் ஓடியதால் கெட்டதுதான் அதிகம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். உடைந்த கோப்பு முறைமையைச் சரிசெய்வது வேறு, அதற்குள் கிடக்கும் தரவை வெளியே எடுப்பது வேறு. எடுக்கும் வேலையை முடித்துவிட்டுச் சரிசெய்வதைப் பற்றி யோசியுங்கள். எடுத்து முடித்த பிறகு சரிசெய்யும் தேவையே பெரும்பாலும் இருக்காது. புதிதாக ஃபார்மட் செய்து தரவைத் திரும்ப வைத்துவிடலாம்.

கட்டளைகளின் பெயரை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது முக்கியமான இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

தரவு ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது

கிறிஸ் மேசன் 2007-இல் ஆரக்கிளில் வேலை பார்த்தபோது தொடங்கியது பிடிஆர்எஃப்எஸ். 2009-இல் லினக்ஸ் கர்னல் 2.6.29-உடன் வந்தது. ஃபெடோரா 33 முதல் அதன் டெஸ்க்டாப் பதிப்புகளில் இதுதான் இயல்பான தேர்வு. இதன் அடிப்படைக் குணம், மெட்டாடேட்டாவை (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளை) இருந்த இடத்திலேயே திருத்தி எழுதாமல் இருப்பது. இந்தக் குறிப்புகள் வேரிலிருந்து கிளை பிரியும் மரம் போல அமைந்திருக்கும். மாற்றம் வந்தால் காலியான இடத்தில் புதிதாக எழுதும். எல்லாம் எழுதி முடிந்ததும், சூப்பர்பிளாக் எனப்படும் முதல் பக்கத்தை அந்தப் புதிய மரத்தின் வேரை நோக்கித் திருப்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு ஜெனரேஷன் என்று பெயர்.

அதனால் பழைய மரம் உடனே அழிவதில்லை. மேலே வேறு எதுவும் எழுதப்படும் வரை காலி இடத்தில் அப்படியே கிடக்கும். சூப்பர்பிளாக்கும் ஒவ்வொரு டிஸ்கிலும் 64 கேபி, 64 எம்பி, 256 ஜிபி ஆகிய மூன்று இடங்களில் இருக்கும். அதற்குள்ளேயே கடைசி நான்கு வேர்களின் முகவரியும் குறித்து வைக்கப்பட்டிருக்கும். நாம் பிழைப்பது இந்தப் பழைய வேர்களால்தான். ஒவ்வொரு புதிய எழுத்தும் அவற்றில் ஒன்றைத் தின்னக்கூடும்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கர்னல் 6.2 முதல், வசதியுள்ள எஸ்எஸ்டிகளில் டிஸ்கார்ட் தானாகவே இயங்கும். காலியான பிளாக்குகளை டிஸ்க்கே துடைத்துவிடும், பழைய மரங்களும் கூடவே போய்விடும்.

முதல் வேலை: எழுதுவதை நிறுத்துங்கள்

மெஷினைத் திரும்பத் திரும்ப ரீபூட் செய்யாதீர்கள். எஃப்எஸ்டேப் ஃபைலில் (தானாக மவுண்ட் ஆக வேண்டியவற்றின் பட்டியல்) இந்த டிஸ்க்குகளுக்கான வரிக்கு முன்னால் ஹேஷ் குறி போட்டு, தானாக மவுண்ட் ஆவதைத் தடுங்கள். 'படிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்தால் எதுவும் எழுதாது என்று பலர் நம்புகிறார்கள், அது முழு உண்மை இல்லை. கரண்ட் போவதற்கு முன் பாதியில் நின்ற லாக் (இன்னும் மரத்தில் சேராத எழுத்துகளின் குறிப்பு) இருந்தால், ஆர்ஓ (படிக்க மட்டும்) மவுண்ட்டிலும் பிடிஆர்எஃப்எஸ் அந்த லாக்கை ஓட்டி எழுதும். அதைத் தடுக்க ரெஸ்க்யூ=நோலாக்ரீப்ளே என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும்.

தரவு கைக்கு வரும் வரை தொடக் கூடாதவை: செக் கட்டளையின் ரிப்பேர் தேர்வு, ரெஸ்க்யூ கட்டளையின் ஜீரோ-லாக், சங்க்-ரெக்கவர், அப்புறம் பேலன்ஸ், ஸ்கிரப். செக் கட்டளை மட்டும் தனியாக ஓடினால் ஆபத்தில்லை, அது படித்துப் பார்த்துச் சொல்லும். ரிப்பேர் சேர்த்தால்தான் எழுதத் தொடங்கும். எழுதுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை காட்டி 10 வினாடி காத்திருக்கும். அந்த 10 வினாடிக்குள் கன்ட்ரோல்-சி அழுத்துங்கள்.

இரண்டாவது: எந்த டிஸ்க், என்ன நோய்

பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு டிஸ்க் மேலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். எந்த போர்ட்டில் இருந்தது என்பதையும் குறியுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்று கர்னல் வைக்கும் பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறிவிடும்; சீரியல் எண் மாறாது. எல்எஸ்பிஎல்கே கட்டளை சீரியலோடு பட்டியல் தரும். நள்ளிரவில் தப்பான டிஸ்க்கின் மேல் நகல் எடுக்காமல் என்னைக் காப்பாற்றியது இந்த டேப்தான்.

அடுத்து பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ஷோ அடியுங்கள். மொத்தம் எத்தனை டிஸ்க், ஒவ்வொன்றுக்கும் உள்ளே என்ன எண், ஏதாவது காணவில்லையா என்று சொல்லும். காணவில்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தானே குறித்து வைக்கும் உடல்நலக் கணக்கு) எடுத்து நான்கு வரிகளைத் தேடுங்கள். 5 என்பது டிஸ்க் ஏற்கெனவே மாற்றிவிட்ட கெட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் நிற்பவை. 198, சோதனையில் கைவிடப்பட்டவை. இந்த மூன்றும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் அநேகமாக நல்லது, கேபிளோ கனெக்டரோதான் கெட்டது. 199 ஏறியிருந்த ஒரு டிஸ்க்கைத் தூக்கிப்போட இருந்தவரிடம், கேபிளை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். மவுண்ட் ஆகிவிட்டது.

ராமையும் (மெஷினின் நினைவகத்தை) சோதியுங்கள். மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு முழுக்க ஓடட்டும். ராம் கெட்டிருந்தால் டிஸ்க்கில் போகும் மெட்டாடேட்டாவே தப்பாகப் போகும். அதே மெஷினில் மீட்பு வேலையைச் செய்தால் நகலும் கெடும். சந்தேகம் இருந்தால் டிஸ்க்குகளை வேறு மெஷினுக்கு மாற்றிவிடுங்கள்.

நாஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சினாலஜி போன்றவற்றில் ரெய்டு வேலையை, அதாவது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்ப்பதை, லினக்ஸின் எம்டி என்ற பகுதி பார்க்கிறது, பிடிஆர்எஃப்எஸ் அதன் மேல் ஒற்றை டிஸ்க் போல உட்கார்ந்திருக்கிறது. அங்கே முதலில் எம்டிஏடிஎம் கொண்டு ரெய்டைச் சேர்க்க வேண்டும். பிறகுதான் கீழே சொல்பவை பொருந்தும்.

மூன்றாவது: நகல்

இந்தப் படிக்குக் காசு செலவாகும், அதனால்தான் எல்லோரும் தாண்டப் பார்க்கிறார்கள். நான்கு டிஸ்க் என்றால் நான்கையும் நகல் எடுக்கும் அளவு இடம் வேண்டும். கடன் வாங்கியாவது செய்யுங்கள். முடியவே முடியாது என்றால், ஸ்மார்ட் விவரம் நன்றாக இருக்கும் டிஸ்க்குகளை பிளாக்டெவ் கட்டளையின் செட்ஆர்ஓ கொண்டு எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கை மட்டுமாவது நகல் எடுங்கள்.

நகலுக்குச் சாதாரண டிடி போதாது. க்னூ டிடிரெஸ்க்யூ பயன்படுத்துங்கள். அது நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கஷ்டமானவற்றைக் கடைசிக்குத் தள்ளும். எதை எடுத்தோம், எது பாக்கி என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நின்றாலும் அதே மேப் ஃபைலோடு விட்ட இடத்தில் தொடரலாம். முதல் சுற்றில் சிறிய டி (d), சிறிய என் (n) ஆகிய இரண்டு தேர்வுகளோடு ஓட்டுங்கள். கெட்ட இடங்களைச் சுரண்டாமல் போகும். இரண்டாம் சுற்றில் அந்தச் சிறிய என் தேர்வை எடுத்துவிட்டு, சிறிய ஆர் 3 போடுங்கள். விட்ட இடங்களை மூன்று முறை முயலும். வரிசை முக்கியம்: மூல டிஸ்க் முதலில், நகல் இரண்டாவது, மேப் ஃபைல் மூன்றாவது. மாறினால் காலி நகல் மூலத்தின் மேல் ஏறிவிடும். என்டர் அழுத்துவதற்கு முன் டேப்பில் எழுதிய சீரியலோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு டிஸ்க்கையும் அதற்குள் எழுதப்பட்ட யூயூஐடி எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. மூலமும் நகலும் ஒரே மெஷினில் பிளாக் டிவைஸாகத் தெரிந்தால் கர்னல் இரண்டையும் குழப்பிக்கொள்ளும், மூலத்தில் எழுதிவிடவும் கூடும். நகல் முடிந்ததும் மூல டிஸ்க்குகளைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். மற்ற வேலை எல்லாம் நகலில்தான்.

நகல்களை ஃபைல்களாக எடுத்திருந்தால் ஒரு நல்ல வசதி உண்டு. கியூஎமு-ஐஎம்ஜி கொண்டு ஒவ்வொரு நகலுக்கும் மேலே ஒரு கியூகவ்2 அடுக்கு உருவாக்கி, அதை கியூஎமு-என்பிடி வழியாக டிஸ்க்காகக் காட்டலாம். நீங்கள் எதை எழுதினாலும் மேலடுக்கில்தான் எழுதப்படும், அடியில் நகல் தொடப்படாமல் இருக்கும். சோதனை தப்பாகப் போனால் மேலடுக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். ரிப்பேர் கட்டளையை முயன்றே ஆக வேண்டும் என்று கை அரித்தால், அதற்கு இடம் இதுதான்.

நான்காவது: மவுண்ட் ஆகிறதா பாருங்கள்

புதிய கர்னல் உள்ள லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யுங்கள். 5.11-க்கு மேல் இருக்க வேண்டும், புதிது என்றால் இன்னும் நல்லது. பிடிஆர்எஃப்எஸ் டிவைஸ் ஸ்கேன் ஓட்டி எல்லா டிஸ்க்கையும் கர்னலுக்குத் தெரியப்படுத்துங்கள். பிறகு மவுண்ட் முயன்று, டிமெஸ்ஜி (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) என்ன சொல்கிறது என்று படியுங்கள். அநேகமாக இப்படி ஒரு வரி வரும்:

பேரண்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்டு, வாண்டட் 184213, ஃபவுண்ட் 184190.

இதன் பொருள்: மேலே இருக்கும் தாய்ப் பக்கம், "இந்த இடத்தில் 184213-ஆம் ஜெனரேஷனில் எழுதிய குழந்தைப் பக்கம் இருக்க வேண்டும்" என்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே கிடப்பது 184190-இல் எழுதிய பழைய தாள். டிஸ்க்கோ, யுஎஸ்பி பெட்டியின் கன்ட்ரோலரோ, "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுதாமலேயே கரண்டை இழந்திருக்கிறது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் 23 இருப்பதால் 23 முறை எழுதியவை எல்லாம் போய்விட்டன என்று அர்த்தம் இல்லை. அந்த ஒரு பக்கம் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். இரண்டு பிரதி வைக்கும் ரெய்டு1 மெட்டாடேட்டாவாக இருந்தால் இன்னொரு டிஸ்க்கில் சரியான பிரதி இருக்கலாம். அதைக் கர்னலே எடுத்துக்கொண்டால் மவுண்ட் ஆகிவிடும். இரண்டு பிரதியும் பழசாக இருந்தால்தான் நின்றுபோகும்.

மவுண்ட் தேர்வுகளை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். முதலில் ஆர்ஓ-வும் ரெஸ்க்யூ=நோலாக்ரீப்ளேயும். ஒரு டிஸ்க் இல்லை என்றால் டிகிரேடட் சேர்க்கவும். இன்னும் ஆகவில்லை என்றால் ரெஸ்க்யூ=யூஸ்பேக்கப்ரூட்; நான் சொன்ன அந்த நான்கு பழைய வேர்களை இது முயலும். அதுவும் ஆகவில்லை என்றால் ரெஸ்க்யூ=ஆல்.

இந்தக் கடைசித் தேர்வு பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு ஃபைலைப் படிக்க, எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் என்று சொல்லும் சங்க் மரமும், வேர்களின் மரமும், ஃபைல் பெயர்கள் இருக்கும் மரமும் போதும். எந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று கணக்கு வைக்கும் எக்ஸ்டென்ட் மரம் எழுதுவதற்குத்தான் வேண்டும். ஆனால் அது உடைந்தாலே சாதாரண மவுண்ட் மறுத்துவிடும். ரெஸ்க்யூ=ஆல் அதைத் தாண்டிப் போகும். ஒரு விலை உண்டு: செக்சம் (தரவு கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்) பார்ப்பதையும் நிறுத்திவிடும். கெட்ட தரவு, பிழை காட்டாமல் நல்ல ஃபைல் போல வெளியே வரும். அதனால் அதற்கு முந்தைய படிகளில் மவுண்ட் ஆனால் அங்கேயே நின்று, முதலில் அதில் நகல் எடுங்கள்.

மவுண்ட் ஆகிவிட்டால் ஆர்சிங்க் கொண்டு எடுக்கலாம். திரும்ப எடுக்கவே முடியாதவை முதலில். சினிமாவும் ஐஎஸ்ஓ ஃபைலும் காத்திருக்கட்டும். ஆர்சிங்க் காட்டும் பிழைகளை ஒரு ஃபைலில் சேமியுங்கள். எந்தெந்த ஃபைல் வரவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைத்தது) நிறைய இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்காதீர்கள். உள்ளே பகிர்ந்துகொண்டிருக்கும் தரவு வெளியே வரும்போது ஒவ்வொன்றும் தனி நகலாகிவிடும், இடம் பத்தாது.

ஐந்தாவது: மவுண்ட் ஆகவே இல்லை என்றால்

பிடிஆர்எஃப்எஸ் ரெஸ்டோர் என்று ஒரு கருவி இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது டிஸ்க்கில் எதையும் எழுதாது. மவுண்ட் செய்யாமலே மரத்தைப் படித்து, ஃபைல்களை வேறு இடத்தில் போடும். சோதனைகளில் கர்னலைவிடத் தளர்வானது, அதனால் கர்னல் மறுக்கும் இடத்திலும் பெரும்பாலும் உள்ளே போய்விடும்.

முதலில் பெரிய டி (D) தேர்வோடு ஓட்டுங்கள். எதையும் நகல் எடுக்காமல், கிடைக்கும் பெயர்களை மட்டும் காட்டும். சிறிய ஐ சேர்த்தால் பிழை வந்தாலும் தொடரும், சிறிய வி சேர்த்தால் பெயர்கள் திரையில் ஓடும். பல டிஸ்க் இருந்தாலும் ஒன்றின் பெயரைக் கொடுத்தால் போதும், மற்றவற்றை அதுவே தேடிக்கொள்ளும். பெயர்கள் சரியாக வந்தால் பெரிய டி-யை எடுத்துவிட்டு நிஜமாக ஓட்டுங்கள். தேதியும் உரிமையும் வேண்டும் என்றால் சிறிய எம், ஸ்னாப்ஷாட்டும் வேண்டும் என்றால் சிறிய எஸ், சிம்பாலிக் லிங்க்குகளுக்குப் பெரிய எஸ்.

பெயர்களே வரவில்லை என்றால் வேர் கெட்டிருக்கிறது. அப்போது பிடிஆர்எஃப்எஸ்-ஃபைண்ட்-ரூட் ஓட்டுங்கள். டிஸ்க் முழுக்கத் தேடி, கிடைக்கும் பழைய வேர்களை பிளாக் எண்ணோடும் ஜெனரேஷனோடும் பட்டியலிடும். பெரிய டிஸ்க்குகளில் பல மணி நேரம் ஆகும். ஜெனரேஷன் பெரிதாக இருப்பதில் தொடங்கி, ஒவ்வொன்றின் பிளாக் எண்ணையும் ரெஸ்டோரின் சிறிய டி (t) தேர்வில் கொடுத்துப் பாருங்கள். கூடவே பெரிய டி (D) இருக்கட்டும். ஸ்டுடியோ டிஸ்க்குகளில் முதல் ஐந்து வேர்களில் ஒன்றுமே இல்லை. ஆறாவதில் திரை முழுக்க மணமக்கள் பெயர் போட்ட ஃபோல்டர்களாக ஓடின. நண்பர் எழுந்து நின்றுவிட்டார்.

இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுப் போகும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஃபைல்களில், 'சுற்றிச் சுற்றி வருவது போல் இருக்கிறது, தொடரவா' என்று ரெஸ்டோரின் பழைய பதிப்புகள் ஆங்கிலத்தில் கேட்டு நின்றுவிடும். ஏ அழுத்தினால் இனிமேல் எல்லாவற்றுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் பக்கத்தில் இருந்து, அந்தக் கேள்வி வந்தால் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். டிமக்ஸுக்குள் ஓட்டினால் விண்டோ மூடிப்போனாலும் வேலை நிற்காது.

எதுவும் ஆகவில்லை என்றால் கடைசியாக ஃபோட்டோரெக். அது மரத்தைப் பார்க்காமல், ஜேபெக் போன்ற ஃபைல்களின் தலைப்பகுதியை அடையாளம் கண்டு வெட்டி எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் வராது. தரவு சிங்கிள் (ஒரே பிரதி) அல்லது ரெய்டு1-ஆக இருந்தால் ஓரளவு பலிக்கும். ரெய்டு0, 10, 5 என்றால் 64 கேபிக்கு ஒருமுறை தரவு அடுத்த டிஸ்க்குக்குத் தாவிவிடும், சின்னப் படங்கள்தான் தேறும். கம்ப்ரஷன் போட்டிருந்தால் அந்த ஃபைல்கள் கிடைக்காது.

வந்து போன டிஸ்க்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இதில்தான் சத்தமில்லாமல் தரவு போகிறது. ரெய்டு1-இல் ஒரு டிஸ்க் கழன்று, மற்றது டிகிரேடடாக இரண்டு நாள் ஓடி, பிறகு முதல் டிஸ்க் திரும்பி வந்துவிட்டது என்று வையுங்கள். திரும்பி வந்ததில் இருப்பது இரண்டு நாள் பழைய தரவு. செக்சம் உள்ள ஃபைல்களில் பிடிஆர்எஃப்எஸ் அதைக் கண்டுபிடித்து நல்ல பிரதியை எடுத்துக்கொள்ளும். ஆனால் சாட்டர் பிளஸ் சி போட்டு காப்பி-ஆன்-ரைட்டை (புதிய இடத்தில் எழுதும் முறையை) நிறுத்திய ஃபைல்களுக்கு, அதாவது விர்ச்சுவல் மெஷின் இமேஜ், டேட்டாபேஸ் போன்றவற்றுக்கு, செக்சம் கிடையாது. பாதி புதியதும் பாதி பழையதுமாகக் கலந்து வரும், எச்சரிக்கையே வராது. அதனால் மீட்கும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கடைசி வரை ஓடிய டிஸ்க்கை மட்டும் டிகிரேடடாக மவுண்ட் செய்து எடுங்கள். இரண்டு டிஸ்க்கையும் தனித்தனியாக எழுதும் வகையில் மவுண்ட் செய்துவிட்டீர்கள் என்றால், அவற்றை இனி ஒன்றாக மாட்டவே கூடாது.

எடுத்த பிறகு

ஃபைல் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், திறந்து பாருங்கள். படங்களுக்குத் தம்ப்நெயில் மட்டும் போதாது. அது நன்றாக இருந்து உள்ளே பாதிப் படம் சாம்பலாக இருக்கலாம். வீடியோவை எஃப்எஃப்எம்பெக் கொண்டு முழுக்க ஓடவிட்டால் உடைந்த இடங்களைச் சொல்லும்.

திரும்பக் கட்டும்போது, தரவுக்கும் மெட்டாடேட்டாவுக்கும் என்ன வகை என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் சொல்லாமல் பல டிஸ்க்கில் ஃபார்மட் செய்தால் மெட்டாடேட்டாவுக்கு மட்டும்தான் இரண்டு பிரதி, தரவுக்கு ஒன்றுதான். இரண்டு பிரதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த பல பேருக்கு இருந்தது ஒன்றுதான். நான்கு டிஸ்க் இருந்தால் தரவுக்கு ரெய்டு1, மெட்டாடேட்டாவுக்கு மூன்று பிரதி வைக்கும் ரெய்டு1சி3 என்பது என் தேர்வு. இதற்கு கர்னல் 5.5 முதல் இடம் உண்டு. ரெய்டு5, 6 வேண்டாம். எழுதும் நடுவில் கரண்ட் போனால் பேரிட்டி (இழந்த துண்டைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தரவு) பொருந்தாமல் போகும் ஓட்டை அதில் இருக்கிறது, முக்கியமான தரவுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உருவாக்கியவர்களின் ஆவணமே சொல்கிறது. மாதம் ஒருமுறை ஸ்கிரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது), வாரம் ஒருமுறை டிவைஸ் ஸ்டேட்ஸ் (ஒவ்வொரு டிஸ்க்கின் பிழை எண்ணிக்கை). பேக்கப் வேறு ஒரு பெட்டியில், வேறு ஒரு வீட்டில்.

பழைய நகல்களை உடனே அழிக்காதீர்கள். ஸ்டுடியோ வேலை முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு குடும்பம் தாலி கட்டும் வீடியோ கேட்டு வந்தது. நாங்கள் எடுத்து வைத்த ஃபைலில் அந்த இடம் முழுக்க வெறும் கறுப்பு. அலமாரியில் இருந்த நகல்களை மறுபடி மாட்டி, இந்த முறை சிறிய எஸ் சேர்த்து ரெஸ்டோர் ஓட்டினோம். விபத்துக்கு ஒரு வாரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்டில் அது முழுசாக இருந்தது.